ஒரு மெஷினுக்கு மூன்று பேர்

அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டியதும் மாடிப்படி. மற்ற கட்டடங்களில் படிக்கட்டுக்கு அடியில் ஓட்டைச் சைக்கிளும் காய்ந்துபோன பெயின்ட் டப்பாவும் கிடக்கும். இங்கே ஒரு தையல் மெஷினும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் அவள் குனிந்தே எழுவாள், குனிந்தே வெளியே வருவாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, பள்ளிச் சீருடையில் பிய்ந்த பையை ஒட்டிக் கொடுப்பது, இவைதான் அவள் பிழைப்பு. புதுத்துணி தைக்க அவளிடம் யாரும் வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் மாடிப்படி டெய்லர். உலகத்தில் இரண்டே பேருக்கு மட்டும் காலு.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி இப்போது அவள் முகத்தையே பார்க்க மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். மழை முடிந்து வெயிலும் தொடங்கிவிட்டது. அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை. காலு பேன்ட்டைப் பிரிக்கும்போதும் அந்தக் கதவுதான் கண்ணில் நின்றது. சோற்றைப் பிசையும்போதும் அதுதான் நின்றது. அவள் வெளியே வருவாளா, மாட்டாளா? இந்த ஒரு கேள்விக்கு வெளியே காலுவுக்கு அந்தக் கோடையில் வாழ்க்கையே இல்லை.

அந்த உறவு எங்கே பிறந்தது என்று சொன்னால்தான் இந்தத் தவிப்பு விளங்கும்.

அப்போது காலுவுக்குப் பத்து வயது. தாயை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வருகிறவர் போகிறவர் எல்லாம் தலையைத் தடவிவிட்டு உச்சுக்கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து, யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று அந்தச் சின்ன மனசு ஏங்கிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறை வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் பிள்ளைகளுக்குத் தையல் முகாம் என்றார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அங்கே போகட்டும் என்று அவள் அப்பா கொண்டுபோய் விட்டார்.

பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, நடுவில் மெஷின்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் கேட்டு வாங்கிய மிதி மெஷின்கள். பிள்ளைகள் நிறைய, மெஷின்கள் கொஞ்சம். அவையும் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்டூலில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் கால் அந்தரத்தில் ஆடியது. காலை மிதிகட்டையில் வைத்தால் தலை மேஜைக்குக் கீழே போனது. காதில் பென்சில் செருகிய தையல் டீச்சர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஒரு மெஷினுக்கு மூணு பேர். ஒருத்தி மிதிக்கணும். ஒருத்தி துணி பிடிக்கணும். ஒருத்தி நூல் கோக்கணும், சக்கரம் சுத்தணும், கத்திரிக்கணும். தினமும் இடம் மாறி மாறி உக்காரணும். புரியுதா?"

எல்லாம் புரிந்தது. இடம் மாறச் சொன்னது மட்டும் ஒரு மெஷினில் இருந்த மூன்று பேர் காதில் ஏறவில்லை.

அவள் போட்டி போடாமல் மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் மிதிகட்டையை அமுக்கினாள். நன்றாகவே ஓடியது. மேலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, துணியைத் தொட்டாலே அது அவள் சொன்னபடி கேட்கும் ஒரு ஒல்லிப் பெண். அவள் பிடித்த தையல் கோடு போட்ட மாதிரி வந்ததால், முதல் வாரமே கைக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். இன்னொருத்தி ஓயாமல் பேசுகிறவள். ஊசிக்காதில் ஒரே குத்தில் நூல் கோத்துவிடுவாள். அவள் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டாள்.

"நான் கண்ணு. எல்லாரும் என்னைக் கண்ணு கண்ணுன்னுதான் கூப்பிடணும். எங்க வீட்டுல யாரும் என்னை அப்படிக் கூப்பிடறதில்ல. கீழ இருக்கறவ காலு."

"நான் கையாலதானே அமுக்கறேன்?" என்று அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"செய்யறது கால் வேலைதானேடி. வாதாடாத, அமுக்கு."

காலுவுக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. தலைக்கு மேல் மெஷின் கடகடக்கும். வெட்டிய நூல் துண்டுகள் முடியில் உதிரும். போ, மெதுவா, நில்லுடி என்று கட்டளைகள் இறங்கும். யாரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் அழுதால்கூட வெளியே கேட்காது என்று அவள் கண்டுபிடித்துக்கொண்டாள். தினமும் கொஞ்சம் அழுதாள். அழுதுகொண்டே அமுக்கினாள்.

ஒருநாள் அழுகை கையை மீறிவிட்டது. மிதிகட்டை நின்றுபோனது. மேலேயிருந்து இரண்டு பின்னல்கள் தொங்கின. அவற்றுக்கு நடுவே கைக்காரியின் முகம் தலைகீழாக வந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டூலிலிருந்து சறுக்கி இறங்கி, அடியில் நுழைந்து, காலுவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணுவும் முட்டிபோட்டு வந்தாள்.

"நகருங்கடி. மேல நான் மட்டும் தனியா என்ன பண்ண?"

கண்ணுவுக்கும் அழுகை வந்துவிட்டது. எதற்கென்று அவளுக்கே தெரியாது. டீச்சர் திரும்பிப் பார்த்தபோது மெஷின் மேல் துணி இருந்தது, பிள்ளைகளைக் காணவில்லை. குனிந்து பார்த்தார். மூன்று பேரும் ஒரு கைக்குட்டையை மாற்றி மாற்றி மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். நல்ல மனுஷி.

அன்றிலிருந்து மூவரும் ஒரே உடம்பாகிப் போனார்கள். மேலேயிருந்து கட்டளை வருவதற்கு முன்பே காலுவின் கை மெதுவாகிவிடும். நூல் அறுவதற்கு முன்பே கண்ணு அடுத்த நூலை நாக்கில் ஈரம் வைத்துத் தயாராக இருப்பாள். முகாமிலேயே அழகான தையல் அவர்களுடையதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடைசி நாளன்று பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரு தலையணை உறை தைத்துக் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். மற்ற பிள்ளைகள் தட்டுத் தடுமாறியாவது தைத்து முடித்தார்கள். பிறகு இவர்கள் முறை வந்தது.

கைக்காரி நின்றபடி ஒற்றைக் காலால் மிதித்தாள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் சிக்கிக்கொண்டது. காலு மிதித்தாள். மெஷின் பறந்தது, துணி அதைவிட வேகமாகப் பறந்தது, தையல் பாதி வழியில் துணியை விட்டே இறங்கிவிட்டது. கண்ணு அழகாக நூல் கோத்தாள். கோத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஹாலே சிரித்தது.

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்து ஒரு டெய்லரை உருவாக்கி வச்சிருக்கேன்."

மூன்று பேரும் வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆனால் அந்த வெட்கம்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது. முகாம் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய் அதை மறந்தார்கள். இவர்களுக்குப் பாடம் பாக்கி இருந்தது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். மற்ற இரண்டு பங்கும் மற்ற இருவரிடம் இருந்தது. கைக்காரியின் அம்மாவிடம் ஒரு மெஷின் இருந்தது. அங்கே கூடி ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். கண்ணு மட்டும் கடைசிவரை தேறவில்லை. அதற்காக வராமலும் இருக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. கைக்காரி கடைவீதியில் கண்ணாடிக் கதவு வைத்துக் கடை போட்டாள். அவள் தைத்த சட்டையின் தோள் உட்காரும் அழகுக்காகவே தூரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கண்ணு பஸ் கண்டக்டர் ஆனாள். பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே வேலை அதுதான் என்று அவளே சொல்வாள். காலு ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். மகள் நடை பழகிய சமயம், சரக்கு ஏற்றிப் போனவன் திரும்பவில்லை. சாலையில் எங்கோ ஒரு வளைவில் அவள் வாழ்க்கை கவிழ்ந்துவிட்டது.

அந்த நாட்களில் கைக்காரி தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து காலுவின் மெஷினில் உட்கார்ந்தாள். தைக்கக் கொடுத்தவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடக் கூடாதே என்று, மூலையில் குவிந்திருந்த அத்தனை துணியையும் அவளே முடித்துக் கொடுத்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ குழந்தையப் பாரு. இதை நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். கண்ணு ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் தோளில் டிக்கெட் பையோடு ஓடிவந்து, சோற்றை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துவிட்டுப் போவாள். அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் காலு இல்லை. குழந்தையும் இல்லை. அந்த மகள் வளர்ந்து, படித்து, இன்னொரு ஊரில் குடும்பமும் குழந்தையுமாக இருக்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் இந்த இரண்டு பேர்தான்.

அப்படிப்பட்ட கைக்காரிக்குத்தான் அது வந்தது.

கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. பக்கவாதம். உயிர் பிழைத்தாள். பேச்சு வாயோரத்தில் கொஞ்சம் வழுக்கியது, ஆனால் வந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கவும் செய்தாள். வலது கை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற தோழிகள் இருவருக்கும் அன்றுதான் புதிதாக ஒரு கஷ்டம் வந்தது. அவளை எப்படிக் கூப்பிடுவது? இத்தனை வருஷம் வாய்நிறையக் கூப்பிட்ட பெயர் இப்போது குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. இருவரும் பெயர் சொல்லாமலே பேசப் பழகினார்கள். அவளும் அதைக் கவனித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவளைத் தேற்ற வழி கண்டுபிடித்தது கண்ணு. "துணி பிடிக்க அவளுக்கு இடது கை போதும்டி. மிதிக்க நீ இருக்க. நூல் கோக்க நான் இருக்கேன், மூக்குக் கண்ணாடியோட. முகாம்ல தைச்ச மாதிரி தைப்போம். அவ முகம் மலர்ந்துடும், பாரு."

காலுவும் நம்பினாள். வீட்டு மூலையில் இருந்த பழைய மிதி மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அவளை நாற்காலியோடு அதன் முன்னால் நகர்த்தினார்கள். காலு பக்கத்தில் உட்கார்ந்து மிதித்தாள். இடது கை துணியைத் தள்ளியது. எதிரில் பிடித்து இழுக்க வலது கை இல்லாததால் துணி வட்டமடித்தது. தையல் குடிகாரன் நடைபோல அங்கும் இங்கும் போனது. திரும்ப வைத்தார்கள். திரும்பவும் வளைந்தது. அதைப் பார்க்கத் தாங்காமல் கண்ணு வாயைத் திறந்தாள்.

"பரவால்லடி கைக்காரி. நம்ம தலையணை உறைக்கு இது எவ்வளவோ தேவலை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாற்காலியில் இருந்தவள் தன் இடது கையால் வலது கையைத் தூக்கி, கடையில் வாங்கி வந்த ஒரு சாமானை வைக்கிற மாதிரி மெஷின் மேல் வைத்தாள்.

"இதுவா கைக்காரி? நல்லா பாரு. பொம்மை வச்சு விளையாடற மாதிரி என்னை வச்சு விளையாடறீங்களா ரெண்டு பேரும்?"

"அப்படி இல்லடி, நாங்க..."

"போங்க. இனிமே என்னைப் பாக்க வராதீங்க."

காலை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு எத்தனை தடவை போனாலும் அவளுடைய மருமகள்தான் வாசலுக்கு வந்தாள். "தூங்கறாங்க, பெரியம்மா" என்பாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். சொல்லும்போது தரையைப் பார்ப்பாள். கண்ணு இரண்டு முறை அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். காலு அழவில்லை. திரும்பி வந்து, படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து, யாருடைய பேன்ட்டையோ தேவைக்கு மேல் குட்டையாக வெட்டித் திட்டு வாங்கினாள்.

ஒரு மாலை அந்த மருமகளே மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை முடித்து வருகிறவள். கையில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"அத்தையோட துணி, பெரியம்மா. ஒண்ணொண்ணா கிழியுது. தைச்சுக் குடுங்க. உங்ககிட்ட குடுத்தேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

காலு ஒவ்வொன்றாக விரித்தாள். சட்டைகளில் அக்குள் கிழிந்திருந்தது. பித்தான்கள் துணியையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தன. ஒரு காலரில் பல் பதிந்த தடம். பாவாடை நாடா ஒன்று முடிச்சோடு வெட்டப்பட்டிருந்தது.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான். முடிச்சு இறுகிப்போச்சு, அவங்களால அவுக்க முடியல. என்னைக் கூப்பிடவும் இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு நானா போய்ப் பாத்தேன்." அவள் குரல் இறங்கியது. "தண்ணியே குடிக்கறதில்ல, பெரியம்மா. குடிச்சா பாத்ரூம் போகணும். போகணும்னா நாடா அவுக்க ஆள் வேணும். நான் வேலைக்கு வந்துட்டா வீட்டுல அவங்க மகன் மட்டும்தான் இருப்பாரு. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. நான் செய்ய மாட்டேன்னா சொல்றேன்? எங்க அம்மாவா இருந்தா செய்ய மாட்டேனா?"

"நீ செய்வேம்மா. அவளால வாங்கிக்க முடியாது."

அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். காலு அந்தப் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் போனதுதான் தோழியின் துக்கம் என்று இவர்கள் இருவரும் நினைத்தார்கள். அதனால்தான் மெஷினைத் துடைத்துக்கொண்டு போய் நின்றார்கள். ஊருக்கெல்லாம் உடை தைத்தவளுக்குத் தன் உடையை உடுத்த முடியவில்லை. மற்றவர் முன்னால் கூனிக் குறுகி நிற்பதைவிட நாக்கு வறண்டு கிடப்பது மேல் என்று அவள் முடிவு செய்திருந்தாள். கதவைச் சாத்தியதும் அதற்காகத்தான்.

மறுநாள் காலு கடையைத் திறக்கவில்லை. வீட்டில், அளவெடுக்கும் டேப்பால் தன் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிறகு உடுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.

கதவைத் தட்டும் பழக்கமே இல்லாத கண்ணு உள்ளே வந்தபோது, நடுவீட்டில் தலையில்லாத ஓர் உருவம் சட்டைக்குள் தத்தளித்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது, திருடனப் பிடிச்சுக் கட்டி வச்ச மாதிரி?"

"பேசாம இழுடி. மூச்சு முட்டுது" என்றது சட்டை.

விஷயத்தைச் சட்டைக்குள்ளிருந்தே காலு சொல்லி முடித்தாள். கண்ணு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் இழுத்துட்டா, ஒத்தக் கையால எப்படி வர்றதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீயே வெளிய வா. நான் இருக்கேன்."

அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். தலைவழியாகப் போடுகிற சட்டை ஆகவே ஆகாது. முன்னால் திறப்பு வேண்டும். கொக்கி வைத்தால் ஒற்றைக் கைக்கு அகப்படாது. பிய்த்தால் கர்ரென்று சத்தம் போடும் ஒட்டுப்பட்டையை நீளமாக வைத்தால், தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கியது. துண்டு துண்டாக வைத்தால் சொன்னபடி கேட்டது. வலது கைக்கான கைக்குழி பெரிதாக, பையைப் போல வாய் திறந்து இருக்க வேண்டும். பாவாடைக்கு நாடா கூடாது, எலாஸ்டிக் போதும். ஆனால் ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் தங்கிவிடுகிறது. இடுப்பைச் சுற்றிக் கட்டைவிரல் நுழைகிற காதுகள் தைத்து வைத்தால், சுற்றிச் சுற்றித் தூக்கலாம். நோயாளிச் சட்டை மாதிரி இருந்தால் அவள் அதைத் தொடவே மாட்டாள் என்று காலுவுக்குத் தெரியும். அதனால் ஒட்டுப்பட்டையை உள்ளே மறைத்து, வெளியே அழகான பித்தான்களை வரிசையாகத் தைத்தாள்.

மற்றவர் தைத்ததை வெட்டிக் குறைத்தே காலம் தள்ளியவள். முழுதாக ஒரு புதுச் சட்டை தைத்து எத்தனையோ காலமாகியிருந்தது. அதுவும் யாருக்கு? தோள் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவளுக்கு. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். விரலில் ஊசி ஏறியதைக்கூட அப்புறம்தான் பார்த்தாள்.

ஒரு நண்பகல். மருமகள் வாசல் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். இந்த முறை தூங்கறாங்க என்று அவள் சொல்லவில்லை. கண்ணு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். காலு சாத்திய அறைக்கதவின் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான். நீ தூங்கலன்னு தெரியும்."

காலு கதவுக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

"சட்டையும் பாவாடையும் கொண்டுவந்திருக்கேன். தைக்க இல்ல, உடுத்த. நாடா கிடையாது. பித்தான் இருக்கு, போட வேண்டியதில்ல. என் வலது கைய உடம்போட கட்டிக்கிட்டு நானே போட்டுக் கழட்டிப் பாத்துட்டேன். முதல்ல அந்தச் செத்த கைய உள்ள விட்டுடணும்." மருமகள் பதறிப்போய் நிமிர்ந்தாள். காலு நிறுத்தவில்லை. "அப்புறம் மத்தது தானா வரும். கஷ்டம்தான். எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு. ஆனா யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. யாரையுமே."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்து, இடது கை ஒன்று வெளியே நீண்டது. காலு துணியை அதில் வைத்தாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது; தாழ்ப்பாள் விழவில்லை.

"காலர் யாரு வெச்சது?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"நான்தான்."

"அதான் பாத்தேன்."

கண்ணு சிரிப்பும் அழுகையுமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

காத்திருந்தார்கள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஒட்டுப்பட்டை பிய்ந்தது, ஒட்டியது, மறுபடி பிய்ந்தது. திடீரென்று ஏதோ கனமாகச் சரிந்து விழுந்தது. மருமகள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். காலு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க பெரியம்மா. விழுந்துட்டாங்க போல."

"விழுந்தா கூப்பிடட்டும்."

"அவங்கதான் கூப்பிட மாட்டாங்களே."

காலுவின் பிடி தளர்ந்தது. உண்மைதானே? உள்ளே மண்டை உடைந்து கிடந்தால்கூட அவள் கூப்பிடமாட்டாள். இப்போது திறக்காவிட்டால் உயிர் போகலாம். திறந்துவிட்டால், உயிரைத் தவிர மற்றதெல்லாம் போய்விடும். கதவில் கை வைத்தாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் ஒரு வசவு வந்தது. "சனியனே." சட்டையைத் திட்டினாளா, தைத்தவளைத் திட்டினாளா தெரியவில்லை. தொடர்ந்து, சரிந்த நாற்காலியை இழுத்து நிமிர்த்தும் ஓசை. காலு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

கதவு திறந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. சட்டையின் இடப்புறம் வலப்புறத்தைவிடக் கீழே தொங்கியது. காலரில் பாதி உள்ளே மடிந்து கிடந்தது. பாவாடையின் பக்கத் தையல் சுற்றி வந்து முன்னால் நின்றது. தையல் தொழிலில் பழுத்த எவளும் அப்படி ஒருத்தியைத் தெருவில் பார்த்தால் நிறுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் விடுவாள். காலுவின் கை தானாகவே அந்தக் காலரை நோக்கி எழுந்தது. பாதியில் அதைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டாள். கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு முழங்கையால் ஒரு இடி விழுந்தது.

அவள் காலை இழுத்து இழுத்து இவர்களைக் கடந்து போய், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இடது கையால் வாங்கி, இடையில் நிறுத்தாமல் குடித்து முடித்தாள்.

"அடுத்த சட்டைல பை வை" என்றாள், காலுவைப் பார்க்காமல். "இடது பக்கம். ஆழமா."

"சட்டைல பையா? எதுக்குடி உனக்கு?" என்றாள் கண்ணு.

"வெளிய போனா சாவிய எங்க வெக்கறது, உன் தலையிலயா?"

காலு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் மண்டியிட்டாள். இடது விலாவில் பையின் வாய் வர வேண்டிய இடத்தில் டேப்பை வைத்தாள். எண்கள் தெரியவில்லை. கண்ணை மறைத்த நீர் டேப்பின் மேலேயே சொட்டியது.

"அழுதுக்கிட்டே அளந்தா தப்பா வரும்" என்று தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. "துடைச்சிட்டு அள. இன்னும் கொஞ்சம் கீழ."

காலு துடைத்துக்கொண்டு, டேப்பை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.